வரைவு இயந்திரத்தினுடையது, கையெழுத்து யாருடையது?

சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்காக வேலை பார்த்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் திரையில் புதிய பெட்டி ஒன்று முளைத்தது. அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர்கள். அமெரிக்கச் சிறு வணிகர் யாராவது மென்பொருளில் ஏதோ சிக்கல் என்று அரட்டைத் திரையில் எழுதுவார். ஊழியர் பதில் யோசித்து முடிப்பதற்குள், இப்படிச் சொல்லலாம் என்று அந்தப் பெட்டி ஒரு வரைவைக் காட்டும். அதை அப்படியே அனுப்பலாம், திருத்தி அனுப்பலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். முடிவு ஊழியர் கையில்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யால்ஃப்சன், எம்ஐடி-யைச் சேர்ந்த டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் ஆகிய மூவரும் அந்த நிறுவனத்தின் 5,179 ஊழியர்களின் வேலைப் பதிவுகளை ஆராய்ந்து 2023 ஏப்ரலில் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியிருந்தது. இதைவிட முக்கியமானது, அந்தப் பலன் யாருக்குப் போனது என்பது. வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் திறமை குறைந்தவர்களும் 34 சதவீதம் முன்னேறியிருந்தார்கள். அனுபவசாலிகளிடம் பெரிய மாற்றம் எதுவுமில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான ஒருவர், ஏஐ துணையில்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் பணியாற்றியவரின் தரத்தை எட்டிவிட்டார்.

காரணம் எளிமையானது. அந்த இயந்திரம் படித்துத் தேர்ந்தது பழைய உரையாடல்களை. எந்த உரையாடலில் சிக்கல் சீக்கிரம் தீர்ந்தது, எந்தப் பதிலால் வாடிக்கையாளர் மனம் நிறைந்தார் என்று பார்த்து, கெட்டிக்கார ஊழியர்களின் பேச்சு முறையை அது உள்வாங்கிக்கொண்டது. கோபத்தோடு வருபவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும், எந்தக் கேள்வியை முன்னால் கேட்டால் பிழை எங்கே என்று பிடிபடும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லாத அறிவு. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்துப் பழகினால்தான் வரும். அந்தப் பழக்கம் இப்போது வரைவு வடிவில் புதியவரின் திரைக்கு வந்தது. கணினிக் கோளாறால் அந்தப் பெட்டி இயங்காமல்போன நேரங்களிலும், அதோடு பழகியவர்கள் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். காப்பியடித்ததோடு நிற்காமல் கொஞ்சம் கற்றுக்கொண்டும் இருந்தார்கள் என்று அதற்குப் பொருள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாருடைய உரையாடல்களிலிருந்து இயந்திரம் பாடம் படித்ததோ, அந்தக் கெட்டிக்காரர்களுக்கு அதற்கெனத் தனிக் கூலி எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வாளர்களே இதைக் கேள்வியாக எழுப்பியிருக்கிறார்கள். இன்றைய அலுவலகத்தில் ஏஐ கிளப்பியிருக்கும் மூன்று பெரிய கேள்விகள் இந்த ஒரே ஆய்வில் தெரிகின்றன: யார் கற்றுக்கொள்கிறார்கள், யார் பலனடைகிறார்கள், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு.

பேரேடு போன காலம்

அலுவலகத்துக்குள் புதிய இயந்திரம் நுழைவதும், அதைக் கண்டு ஊழியர்கள் கலங்குவதும் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1960-களில் எல்ஐசி கணினி வாங்க முனைந்தபோது கல்கத்தாவில் ஊழியர்கள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். வங்கிகளில் கணினி வருவதற்குத் தொழிற்சங்கங்களோடு நீண்ட பேச்சுவார்த்தையும் ஒப்பந்தங்களும் தேவைப்பட்டன. 1980-களில், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிக் கிளைகளைக் கணினிமயமாக்குவதற்கான பாதையை வகுத்தது. அதன் முதல் அறிக்கை 1984-லும் இரண்டாவது அறிக்கை 1989-லும் வந்தன. கனமான பேரேடுகளின் இடத்துக்கு முதலில் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் வந்தன. பிறகு கிளை முழுவதும் கணினி. அதன் பின் எல்லாக் கிளைகளையும் ஒரே வலையில் இணைத்த கோர் பேங்கிங்.

அந்த மாற்றத்தில் வங்கிக் குமாஸ்தாவின் கூட்டல் வேலை போனது. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை போகவில்லை. 1979-ல் அமெரிக்காவில் டேன் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளின் கதையும் இதுதான். ஓர் எண்ணை மாற்றினால் பக்கம் முழுவதையும் அழித்து மறுபடி கணக்குப் போட வேண்டியிருந்த நிலை அதோடு முடிந்தது. கணக்காளர்கள் மறையவில்லை, விலை ஏறினால் என்ன ஆகும், விற்பனை குறைந்தால் என்ன ஆகும் என்று பத்து விதமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆலோசகர்களாக மாறினார்கள்.

இப்போதைய அலைக்கும் அவற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கணக்கு இயந்திரம் போட்ட கூட்டலை மனிதர் சரிபார்க்க வேண்டியதில்லை. ஏஐ எழுதிய கடிதத்தை வரிக்கு வரி சரிபார்த்தே ஆக வேண்டும்.

தெரியாது என்று சொல்லத் தயங்கும் இயந்திரம்

ஏன் சரிபார்க்க வேண்டும் என்று புரிந்துகொள்ள, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். இணையத்திலும் நூல்களிலும் உள்ள பெருமளவு எழுத்தைப் படித்து, எந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதை அவை பழகியிருக்கின்றன. கேள்விக்குப் பதில் எழுதும்போது, பொருந்தக்கூடிய அடுத்த சொல்லை ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொண்டே போகின்றன. உண்மையான தகவலும் உண்மைபோல் தோன்றும் தகவலும் ஒரே வழியில்தான் உருவாகின்றன. அதனால் தவறான பதிலும் சரியான பதிலின் அதே நடையில், அதே உறுதியோடு வந்து நிற்கும்.

நியூயார்க்கில் 2023-ல் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இது அம்பலமானது. பயணிக்காக வாதாடிய வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தேடித் தந்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்தார்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், தீர்ப்பின் வாசகம் எல்லாம் முறையாக இருந்தன. அப்படிப்பட்ட வழக்குகள்தான் எங்கும் நடந்திருக்கவில்லை. நீதிபதி கெவின் காஸ்டல் அந்த ஆண்டு ஜூன் மாதம் 5,000 டாலர் அபராதம் விதித்தார். தொழில்நுட்பத்தின் துணையை நாடியது தவறு என்று அவர் சொல்லவில்லை. தாக்கல் செய்வதைச் சரிபார்க்கும் கடமை வழக்கறிஞருடையது என்றார்.

பொறுப்பைப் பற்றிய இன்னொரு தீர்ப்பு 2024 பிப்ரவரியில் கனடாவில் வந்தது. பாட்டி இறந்த செய்தி கேட்டு அவசரமாகப் புறப்பட்ட பயணி ஒருவர், ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கிய பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்த நிறுவனம், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, இழப்பீடு தர உத்தரவிட்டது. தொகை சிறியதுதான். வாடிக்கையாளரிடம் ஏஐ-யைப் பேசவிடும் நிறுவனங்கள் எல்லாம் மனத்தில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

எந்த வேலையில் இயந்திரத்தை நம்பலாம், எதில் கூடாது என்பதும் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பைச் சேர்ந்த 758 ஆலோசகர்களிடம் ஹார்வர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2023-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். புதிய பொருளுக்கு யோசனை சொல்வது, விளம்பரம் எழுதுவது போன்ற பணிகளில் ஜிபிடி-4 துணையோடு வேலை செய்தவர்கள் 25 சதவீதம் வேகமாக முடித்தார்கள். தரமும் கணிசமாக உயர்ந்தது. அடுத்து, வேண்டுமென்றே இயந்திரத்தின் எல்லைக்கு அப்பால் அமைக்கப்பட்ட பணி ஒன்றைக் கொடுத்தார்கள். எண்கள் ஒன்றைச் சொல்லும், பேட்டிக் குறிப்புகளைக் கூர்ந்து படித்தால் வேறொன்று புலப்படும். அதில் ஏஐ உதவியோடு இறங்கியவர்கள் சரியான விடையை எட்டும் வாய்ப்பு, உதவியில்லாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. படித்த, தேர்ந்த ஆலோசகர்கள்கூட சரளமான பதிலைக் கண்டதும் சரிபார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

மிச்சமான நேரம் எங்கே போனது?

அலுவலக வேலையில் பெரும்பகுதி மெயில், மீட்டிங், அறிக்கை என்பதாகவே கழிகிறது. மைக்ரோசாஃப்ட் 2025-ல் தன் பயனர்களின் தரவுகளிலிருந்து வெளியிட்ட கணக்குப்படி, ஊழியர் ஒருவருக்கு ஒரு நாளில் சராசரியாக 117 மெயில்களும் 153 டீம்ஸ் செய்திகளும் வருகின்றன. இந்தச் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் ஏஐ கருவிகள் விற்கப்படுகின்றன. மீட்டிங் முடிந்ததும் யார் என்ன சொன்னார், யாருக்கு என்ன வேலை ஒதுக்கப்பட்டது என்று மினிட்ஸ் எழுதித் தருவது, நீண்ட மெயில் தொடரை ஐந்து வரியில் சுருக்குவது, எக்செல் அட்டவணையிலிருந்து வரைபடம் போடுவது ஆகியவற்றை மைக்ரோசாஃப்டின் கோபைலட்டும் கூகுளின் ஜெமினியும் ஸூமின் துணைக் கருவியும் செய்கின்றன.

பலன் உண்டு. எம்ஐடி-யின் ஷாக்கேட் நாய், விட்னி ஸாங் இருவரும் 2023-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில், சாட்ஜிபிடி-யைப் பயன்படுத்தியவர்கள் அலுவலக எழுத்து வேலையை 40 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். ஆனால் சோதனைச் சூழலில் கிடைக்கும் வேகம் அன்றாட அலுவலகத்தில் அப்படியே கிடைப்பதில்லை. டென்மார்க்கில் 7,000 பணியிடங்களைச் சேர்ந்த 25,000 ஊழியர்களை வைத்து 2025-ல் வெளியான ஆய்வில், மிச்சமான நேரம் சராசரியாக 3 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது. சம்பளத்திலும் வேலை நேரத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. வரைவு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதைப் படித்து, திருத்தி, உண்மை பார்த்து, மேலதிகாரியின் ஒப்புதல் வாங்குவதற்கு முன்புபோலவே நேரம் பிடிக்கிறது.

நம் கணிப்பே நம்மை ஏமாற்றவும் கூடும். மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் அனுபவமிக்க 16 மென்பொருள் வல்லுநர்களிடம், அவர்களுக்குக் கைவந்த திட்டங்களிலேயே 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ அனுமதிக்கப்பட்ட பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. எல்லாம் முடிந்த பிறகும், தாங்கள் 20 சதவீதம் வேகமாக வேலை செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். தன் தொழிலைத் தன்னைவிடக் குறைவாக அறிந்த உதவியாளரிடம் விளக்கிச் சொல்வதற்கும், அவர் செய்ததைத் திருத்துவதற்கும் ஆகும் நேரம் அவர்களுடைய மனக்கணக்கில் விழவில்லை.

தேர்வு செய்யும் கண், கண்காணிக்கும் கண்

வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இயந்திரத்தின் கை நீண்டிருக்கிறது. அமேசான் நிறுவனம் 2014-லிருந்து விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் கருவி ஒன்றை உருவாக்கி வந்ததையும், அது பெண்களைப் பின்தள்ளியதால் கைவிட்டதையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018-ல் வெளிக்கொண்டுவந்தது. பத்தாண்டு காலம் வந்த விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய கருவி அது. தொழில்நுட்பப் பணிகளுக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், ஆண்களே பொருத்தமானவர்கள் என்று அது முடிவுகட்டியது. மகளிர் சதுரங்கக் குழு என்பதுபோல் ஏதாவது விண்ணப்பத்தில் இருந்தால் மதிப்பெண் குறைந்தது. பழைய பாகுபாட்டைக் கணக்காக்கி, அதற்கு நடுநிலை என்ற தோற்றம் கொடுக்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

ஊழியரின் ஒவ்வொரு அசைவையும் எண்ணும் மென்பொருள்கள் கொரோனா காலத்தில் பெருகின. 2020-ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய உற்பத்தித்திறன் மதிப்பெண் வசதியில் தனித்தனி ஊழியரின் பெயரோடு தகவல் தெரிந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் பெயர்கள் நீக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. முகத்தையும் குரலையும் வைத்து ஊழியரின் மனநிலையைக் கணிக்கும் ஏஐ-யைப் பணியிடங்களில் பயன்படுத்துவதற்கு அங்கே 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. ஆளெடுப்பில் பயன்படும் கருவிகள் உயர் அபாயப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கின்றன.

ரகசியம் கசிவது இன்னொரு கவலை. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரல் வரிகளைச் சாட்ஜிபிடி-யில் ஒட்டிப் பிழை திருத்தக் கேட்டது தெரியவந்ததும், இத்தகைய கருவிகளுக்கு அந்த நிறுவனம் தடை விதித்தது. இந்திய நிதியமைச்சகமும் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்குமாறு தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. சம்பளப் பட்டியலையோ நோயாளியின் அறிக்கையையோ இலவசச் செயலியில் ஒட்டுகிற ஊழியர் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. அலுவலகம் பாதுகாப்பான கருவியைத் தராதபோது, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வேலையை முடிக்கப் பார்க்கிறார்.

தமிழுக்குக் கூடுதல் விலை

இந்தக் கருவிகள் முதலில் ஆங்கிலத்துக்காகவே கட்டப்பட்டவை. எழுத்தை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் அவை படிக்கின்றன; நிறுவனங்களுக்கான கட்டணமும் அந்தத் துண்டுக் கணக்கில்தான். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஆங்கிலத்தில் 27 டோக்கன் பிடித்த வாசகம், பழைய முறையில் தமிழில் 116 டோக்கன் பிடித்தது. புதிய முறையில் தமிழ் 35, ஆங்கிலம் 24. இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது, இன்னும் மறையவில்லை.

இந்திய மொழிகளுக்கான அரசு முயற்சிகளும் நடக்கின்றன. 2023 டிசம்பரில் வாரணாசியில் நடந்த காசித் தமிழ்ச் சங்கமத்தில், பிரதமரின் இந்திப் பேச்சு பாஷினி தளத்தின் வழியாக உடனுக்குடன் தமிழில் ஒலித்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு பிப்ரவரி 21 அன்று அரசியல் சாசன அமர்வின் வாதங்களை ஏஐ கொண்டு நேரடியாக எழுத்தாக்கத் தொடங்கியது. தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்க சுவாஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. சென்னையில் வளர்ந்த ஜோஹோ 2025 ஜூலையில் தன் சொந்த மொழி மாதிரியை அறிவித்தது. உலகெங்கும் உள்ள அலுவலகங்களுக்கு வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஃபிரெஷ்வொர்க்ஸும் சென்னையில் பிறந்ததே. தமிழ்நாட்டில் உட்கார்ந்து இந்தக் கருவிகளை உருவாக்குகிறவர்களும், அவற்றால் தங்கள் வேலை மாறுவதைப் பார்க்கிறவர்களும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள்.

புதியவர்களுக்கு என்ன வழி?

ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024 பிப்ரவரியில், தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டதாகவும், அது 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்றும் அறிவித்தது. அடுத்த ஆண்டே, செலவைக் குறைப்பதில் காட்டிய முனைப்பால் தரம் குறைந்துபோனதை ஒப்புக்கொண்ட தலைமை நிர்வாகி செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, வாடிக்கையாளர் விரும்பினால் மனிதரிடம் பேச வழி இருக்க வேண்டும் என்று சொல்லி, மறுபடி ஆள் சேர்க்க முற்பட்டார். இந்தியாவில் டிசிஎஸ் 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏஐ காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றது நிறுவனம். ஆனாலும் சென்னையின் ஐடி சாலையில் அந்த அறிவிப்பு ஏற்படுத்திய அச்சம் பெரிது.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் வேலையின் முதல் படிக்கட்டு. பிரின்யால்ஃப்சனும் அவர் குழுவினரும் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, மென்பொருள், வாடிக்கையாளர் சேவை போன்று ஏஐ அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலானவர்களின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே தொழில்களில் மூத்தவர்களின் வேலை நிலையாக இருக்கிறது. முன்னர் சொன்ன ஆய்வில் புதியவரைத் தூக்கிவிட்ட அதே தொழில்நுட்பம், இங்கே புதியவரைச் சேர்க்கவே வேண்டாம் என்று நிர்வாகத்தை நினைக்க வைக்கிறது. முதல் வரைவு எழுதுவதும், சிறு பிழைகளைத் திருத்துவதும், மினிட்ஸ் எடுப்பதும் சலிப்பான வேலைகள்தான். ஆனால் அவற்றைச் செய்துதான் ஒவ்வொரு தலைமுறையும் தொழில் பழகியது. இயந்திரத்தின் தவறைக் கண்டுபிடிக்க ஒரு மூத்தவர் வேண்டும் என்றால், அந்த மூத்தவர் எங்கேயாவது ஒரு நாள் இளையவராக வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.

புதியவர்களைத் தொழில் பழக்குவதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பிக்கும் பள்ளியை ஜோஹோ இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறது. கற்பிப்பதும் அலுவலகத்தின் வேலையே என்று ஒப்புக்கொள்ளும் நிறுவனம், ஏஐ மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு பங்கை மூத்தவர்கள் இளையவர்களோடு செலவிட ஒதுக்க முடியும்.

பொறுப்பை எப்படி எழுதிவைப்பது என்பதற்குக் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை நல்ல எடுத்துக்காட்டு. தீர்ப்பையோ கண்டறிதலையோ எட்டுவதற்கு ஏஐ-யைப் பயன்படுத்தக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட கருவிகளைத் தவிர வேறெதுவும் கூடாது. மொழிபெயர்ப்பு எதுவானாலும் தகுதியுள்ளவர் சரிபார்க்க வேண்டும். எப்போது எதற்குப் பயன்படுத்தினோம், யார் சரிபார்த்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். பிழை தெரிந்தால் மேலே தெரிவிக்க வேண்டும். பயிற்சி கட்டாயம். நீதிமன்றத்துக்காக எழுதப்பட்ட இந்த விதிகளில் பெரும்பாலானவை ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கும், மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும். அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஊழியரைப் பற்றி எந்தத் தரவு திரட்டப்படுகிறது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்வது, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை புதியவர்களைச் சேர்த்து யாரிடம் பயிற்சிக்கு விடுகிறோம் என்பதை நிர்வாகம் கணக்கு வைப்பது.